எல்லையில் நின்ற சான்றிதழ்: ஊரிகமும் 1951ஆம் ஆண்டுச் சட்டமும்

கோலார் தங்கவயலின் ஊரிகம், சாம்பியன் ரீஃப், மைசூர், நந்திதுர்க்கம் சுரங்கங்களில் இறங்கியவர்களுள் வட ஆர்க்காடு, சித்தூர், சேலம் பகுதிகளிலிருந்து சென்றோர் மிகுதி. அவர்கள் விட்டுவந்த ஊர்கள் சென்னை மாகாணத்தில் இருந்தன; குடியிருந்த லைன் வீடுகள் மைசூர் சமஸ்தானத்தில் இருந்தன. இரண்டுக்கும் இடையே சில மணி நேர ரயில் பயணமே. ஆயினும் 1881இல் மைசூர் மீண்டும் உடையார் ஆட்சிக்குத் திரும்பிய பின், வாரிசுரிமையைப் பொறுத்தவரை அது அயல்நாட்டு எல்லையாகவே இருந்தது. தங்கவயலின் வரலாற்றை எழுதுவோர் சுரங்கத்தையும் வேலைநிறுத்தங்களையும் பேசுகிற அளவுக்கு இந்த எல்லையைப் பேசுவதில்லை.

இறந்தவர் சொத்தின்மீது நீதிமன்றம் கொள்ளும் அதிகாரம் தொடக்கம் முதலே நில எல்லையோடு பிறந்தது. 1726ஆம் ஆண்டுப் பட்டயம் சென்னை மேயர் நீதிமன்றத்துக்கு உயில்களை மெய்ப்பிக்கவும், உயிலின்றி இறந்தவர் சொத்தை நிர்வகிக்க உரிமை வழங்கவும் அதிகாரம் தந்தது. 1801இன் உச்ச நீதிமன்றம், 1862இன் உயர் நீதிமன்றம் எனக் கைமாறிய அவ்வதிகாரத்தை ஒவ்வொரு முறையும் ஏதோ ஓர் எல்லை வரையறுத்தது.

சுரங்கத் தொழிலாளியின் குடும்பத்துக்கு உயிலைவிட நெருக்கமானது இறங்குரிமைச் சான்றிதழ். இன்று தாசில்தார் வழங்கும் வாரிசுச் சான்று வேறு. இது நீதிமன்றம் தருவது, இறந்தவருக்கு வரவேண்டிய கடன்களையும் பத்திரங்களையும் பெறுவதற்குரியது. 1889ஆம் ஆண்டு இறங்குரிமைச் சான்றிதழ்ச் சட்டத்தின்படி, இச்சான்றோ அதற்கு ஈடான வேறு உரிமை ஆவணமோ இல்லாமல் இறந்தவரின் கடனாளிமீது நீதிமன்றம் தீர்ப்பாணை பிறப்பிக்க இயலாது. ஊரிகத்தில் வாழ்ந்த ஒருவர் தம் கூலியில் மிச்சம் பிடித்துக் குடியாத்தத்தில் ஒருவருக்குப் புரோநோட்டின்பேரில் கடன் கொடுத்திருந்து இறந்தார் எனக் கொள்வோம். அவருடைய மனைவி வழக்குத் தொடுக்க வேண்டிய இடம் சென்னை மாகாணம். சான்றிதழ் வழங்க வேண்டியதோ, இறந்தவர் வழக்கமாகக் குடியிருந்த இடத்தின் மாவட்ட நீதிபதி. நிலையான குடியிருப்பு இல்லாதவருக்கு மட்டுமே சொத்து இருக்கும் இடத்தின் நீதிபதியை அணுக வழி இருந்தது. லைன் வீட்டில் நிலையாகக் குடியிருந்தவரின் மனைவிக்கு, சட்டத்தின் சொற்படி, வட ஆர்க்காட்டு நீதிபதியின் கதவு திறக்காது. மைசூர் நீதிபதி தரும் சான்றிதழ் வட ஆர்க்காட்டில் செல்லாது.

இந்த இடைவெளியைச் சட்டம் அறியாமல் இல்லை. அயல் அரசில் வாழ்பவருக்கு அங்குள்ள பிரிட்டிஷ் பிரதிநிதி அதே படிவத்தில் சான்றிதழ் வழங்கினால், உரிய முத்திரைக் கட்டணம் செலுத்தியபின் அது பிரிட்டிஷ் இந்தியாவிலும் செல்லும் என அச்சட்டமே இடமளித்தது. 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டமும் அவ்வழியைத் தக்கவைத்தது. அதாவது, சமஸ்தான நீதிபதியின் கையெழுத்து கடக்க முடியாத எல்லையைப் பிரதிநிதியின் கையெழுத்து கடந்தது. கட்டணமும் சிறிதன்று. சான்றிதழில் குறித்த கடனுக்கு நூற்றுக்கு 2 ரூபாய். பின்னர் தெரியவரும் கடனுக்குச் சான்றிதழை விரிவுபடுத்தினால் நூற்றுக்கு 3 ரூபாய்.

மாற்றம் 1951 ஏப்ரல் 1இல் வந்தது. அன்று நடைமுறைக்கு வந்த 'பி' பிரிவு மாநிலங்கள் (சட்டங்கள்) சட்டம், இந்திய வாரிசுரிமைச் சட்டத்தை மைசூர் உள்ளிட்ட முன்னாள் சமஸ்தானங்களுக்கு விரித்தது. இதன் விளைவாகத் திருவிதாங்கூர் கிறித்தவர் வாரிசுரிமைச் சட்டம் வழக்கிழந்தது என்பதை மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986இல் உறுதிசெய்தது. அது பலரும் அறிந்த செய்தி. அறியப்படாதது 382ஆம் பிரிவில் சேர்ந்த ஒரு சிறு கூறு. 1951க்கு முன் 'பி' பிரிவு மாநிலத்தின் மாவட்ட நீதிபதி அங்குக் குடியிருந்தவருக்கு உரிய படிவத்தில் வழங்கிய சான்றிதழும், முத்திரைக் கட்டணம் செலுத்தப்பட்டால், இந்தியச் சான்றிதழுக்கு நிகராகும் என்கிறது அது. பழைய மைசூர் நீதிபதியின் கையெழுத்துக்கு அன்றுதான் ஆற்றைத் தாண்டும் வலிமை கிடைத்தது. இணைப்பு ஒப்பந்தங்களில் மன்னர்கள் கையொப்பமிட்டார்கள். குடிகளுக்கு இணைப்பு இத்தகைய கூறுகளின் வழியே வந்து சேர்ந்தது.

எல்லை முற்றும் மறைந்துவிடவில்லை. இறங்குரிமைச் சான்றிதழ் இன்று இந்தியா முழுதும் செல்லும். ஆனால் 273ஆம் பிரிவின்படி, மாவட்ட நீதிபதி வழங்கும் புரோபேட் தன் மாநிலத்துக்குள்தான் செல்லும். இறந்தவர் அவருடைய வரம்புக்குள் நிலையாகக் குடியிருந்து, வெளிமாநிலச் சொத்தின் மதிப்பு 10,000 ரூபாய்க்கு மேற்படவில்லை என நீதிபதி சான்றளித்தால் மட்டுமே அது எல்லை தாண்டும். அதற்கு மேல் உயர் நீதிமன்றத்தை நாட வேண்டும். 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோதும் தங்கவயல் மைசூரிலேயே நின்றது. 2001இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஊரிகத்தில் வீடும் வேலூரில் மனையும் வைத்து உயில் எழுதிய ஒருவரின் பிள்ளைகளுக்கு, அந்தப் 10,000 ரூபாய் இன்றும் ஓர் எல்லைக்கல்.