வலையோடு பறத்தல்: கற்பனைச் சாகச விளையாட்டுகளில் சிறைப்பட்டோரும் சிறைப்பிடித்தோரும்

1. எடுத்துக்கொண்ட பொருள்

நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி இருக்கிறார்கள். ஒருவர் கதைநடத்துநர். காடு, கோட்டை, பகைவர், வழிப்போக்கர் எல்லாம் அவர் வாயால்தான் பேசும். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, தாம் செய்ய நினைப்பதைச் சொல்வார்கள். அது முடிந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் ஆக்கிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974இல் அச்சேறியபோது இந்த ஆட்டமுறை உலகுக்கு வந்தது. அதன் பெயரின் முதற்சொல் கோட்டைக்கு அடியில் உள்ள இருட்டறைச் சிறையைக் குறிப்பது. விளையாட்டுக்குள் வந்தபின் அச்சொல் எந்த நிலத்தடிக் குகைவழியையும் குறிக்கும்படி விரிந்துவிட்டது. ஆனாலும் பழைய பொருள் மறையவில்லை. ஐம்பது ஆண்டுச் சாகசக் கதைகளில் யாரோ ஒருவர் எங்கோ கட்டுண்டு கிடந்தபடியே இருக்கிறார்.

சிறைப்பட்டவரிடமிருந்து ஆயுதம், பணம், மந்திரம், உடை எல்லாவற்றையும் பறித்த பிறகு, அவர் தொடர்ந்து ஆடுவதற்கு எது மிஞ்ச வேண்டும்? இந்த வினாவே இக்கட்டுரையின் பொருள். அடுத்த அசைவு அவருடையதாக மிஞ்ச வேண்டும் என்பது என் துணிபு. அதை நிறுவ மேலைநாட்டு அச்சுச் சாகசங்கள் சிலவற்றோடு, எங்கள் ஊர்ப் புலவர் ஒருவர் தமிழாக்கிய பழங்கதையையும், இலங்கைத் தீவில் உண்மையாகவே நடந்த ஒரு சிறையிருப்பையும் எடுத்துக்கொள்கிறேன்.

2. பூவில்லாத ஆநிரை

கவர்தலையும் மீட்டலையும் இலக்கணமாகவே வகுத்து வைத்த மொழி நம்முடையது. பகைவரின் ஆநிரையைக் கவர்வது வெட்சி. கவர்ந்ததை மீட்பது கரந்தை. தொல்காப்பியம் மீட்டலையும் வெட்சிக்குள்ளேயே அடக்கியது. புறப்பொருள் வெண்பாமாலை கரந்தையைத் தனித்திணையாக்கியது. கவர்ந்தவனுக்குப் பூ உண்டு, மீட்டவனுக்குப் பூ உண்டு, மீட்கும் போரில் விழுந்தவனுக்கு நடுகல் உண்டு. கவரப்பட்ட பசுவுக்கு எதுவும் இல்லை. அது இக்கரைக்கும் அக்கரைக்கும் ஓட்டப்படும் செல்வம், அவ்வளவே.

சாகச விளையாட்டுகளின் சிறைப்பட்டோரில் பெரும்பாலானோர் இந்த ஆநிரை வகையினர். கைகாக்ஸ் எழுதி 1979இல் வந்த ‘த கீப் ஆன் த பார்டர்லேண்ட்ஸ்’ என்ற தொடக்கநிலைச் சாகசத்தில், குகையில் வாழும் அரக்கக் கூட்டம் ஒன்று ஒரு வணிகரையும் அவர் மனைவியையும் விருந்துக்காகப் பிடித்து வைத்திருக்கிறது. வீரர்கள் உள்ளே போய் வெட்டி வென்று அவர்களை மீட்டால் வெகுமதி கிடைக்கும். மீளும்வரை அவ்விருவருக்கும் கதையில் வேலை எதுவும் இல்லை. அதே நூலின் இன்னோர் அறையில் சங்கிலியிட்ட ஒரு பெண் இருக்கிறாள். பார்ப்பவரைக் கல்லாக்கும் மெடூசா அவள். அவளுக்குத் தன் விடுதலையில் ஒரு கணக்கு உண்டு, பேரம் உண்டு, வஞ்சகமும் உண்டு. வணிகரின் மனைவியை ஆடியவர்கள் மறந்துபோகலாம். மெடூசாவை மறப்பது கடினம். நல்லவளா தீயவளா என்பது இங்கே பொருட்டில்லை. சங்கிலிக்குள்ளும் அவளால் ஏதோ செய்ய முடிகிறது என்பதே பொருட்டு.

3. எல்லாம் பறிபோன பின்

வேறொரு வகையில் ஆடுவோரே சிறைப்படுவார்கள். 1980, 1981 ஆண்டுகளில் வந்த நான்கு பாக அடிமை வணிகர் தொடர் இதற்குப் பேர்போன எடுத்துக்காட்டு. மூன்றாம் பாகத்தின் முடிவில் வீரர்கள் பிடிபட்டே ஆகவேண்டும். எவ்வளவு நுணுக்கமாக ஆடினாலும் தோல்வி முன்பே எழுதப்பட்டிருக்கிறது. இதை நான் ஏற்கவில்லை. பகடையை உருட்டச் சொல்லிவிட்டு அது எப்படி விழுந்தாலும் செல்லாது என்பது, ஆடுவோரை இருமுறை சிறைவைப்பதாகும்: ஒருமுறை கதைக்குள், ஒருமுறை மேசையில்.

ஆனால் நான்காம் பாகம் அந்தக் குறையைப் பெருமளவு ஈடுசெய்கிறது. லாரன்ஸ் ஷிக் எழுதிய அதில் வீரர்கள் இருண்ட குகைகளில் அரைத்துணியோடு விழிக்கிறார்கள். வாள் இல்லை, மந்திர நூல் இல்லை, விளக்கும் இல்லை. வழியிற் கிடக்கும் கல்லும் எலும்பும்தான் கருவி. பத்து மந்திர வாள் வைத்திருந்தபோது யாரும் கையிலெடுத்துப் பாராத ஒரு கல்லை, இப்போது நான்கு பேர் ஐந்து நிமிடம் வாதிட்டுப் பங்கிடுகிறார்கள். உடைமை குறையக் குறையப் பொருள்களின் எடை கூடுகிறது.

4. புறாவும் மானும்

சுன்னாகத்தில் பிறந்த அ. குமாரசுவாமிப் புலவர் (1854–1922) வடமொழி இதோபதேசத்தைத் தமிழ் உரைநடையாக்கியவர். அதன் முதற்பகுதியாகிய மித்திரலாபம் நட்புப் பேறு பற்றியது என்றே படித்து வந்திருக்கிறோம். அதைச் சிறையிலிருந்து மீளும் கதைகளின் கோவையாகவும் படிக்க இடமுண்டு. நான் அறிந்த எந்தச் சாகச நூலைவிடவும் அது இப்பொருளை ஆழமாகத் தொடுகிறது.

வேடன் அரிசியைத் தூவி வலை விரிக்கிறான். புறாக்களின் அரசன் சித்திரக்கிரீவன் இறங்க வேண்டாம் என்று எச்சரிக்கிறான். கூட்டம் கேட்காமல் இறங்கிச் சிக்குகிறது. இறங்கலாம் என்று பேசியவனைக் கூட்டம் திட்டத் தொடங்குகிறது. அரசன் அதைத் தடுத்து, எல்லோரும் ஒரே வேளையில் சிறகடித்து வலையோடே எழும்பச் சொல்கிறான். எழும்புகின்றன. வேடன் கீழே ஓடுகிறான், இதோ விழும் என்று. விழவில்லை.

கதைநடத்துநர் ஒவ்வொருவரும் இங்கே நின்று பார்க்க வேண்டும். எலி வந்து வலையைக் கடிப்பதற்கு முன்பே சிறைப்பட்டவை முதல் அசைவைச் செய்துவிட்டன. விடுதலை இன்னும் கிடைக்கவில்லை, வலை மேலேயே இருக்கிறது, ஆனால் இடம் மாறிவிட்டது. மீட்பவனாகிய அந்த எலி, இரணியகனிடம் அவை தாமாகப் போய்ச் சேருகின்றன. கரந்தையின் பசுவுக்கும் இந்தப் புறாவுக்கும் உள்ள தூரம் அதுதான்.

இரணியகன் அரசனின் கட்டை முதலில் கடிக்க வருகிறான். முதலில் என்னைச் சேர்ந்தவர்களின் கட்டு என்கிறான் சித்திரக்கிரீவன். தன் பற்கள் வலுவற்றவை, எல்லாவற்றுக்கும் தாங்குமோ தெரியாது, உன்னுடையதை அறுத்தபின் மற்றவற்றைப் பார்க்கலாம் என்று எலி மன்றாடுகிறது. அரசன் இசையவில்லை. எலியின் பல் எத்தனை கயிறு தாங்கும் என்ற அந்த ஐயம் ஒரு விளையாட்டு விதியின் கூர்மை கொண்டது: வளம் அளவானது, வரிசையைத் தெரிவது நீ.

அதே பகுதியில் மானின் கதையும் வருகிறது. நண்பனாக நடித்த நரி மானை வயலுக்கு அழைத்துப்போய்க் கண்ணியில் விழச் செய்கிறது. கட்டை அறுக்கச் சொல்லி மான் கெஞ்ச, கயிறு நரம்பாலானது, இன்று எனக்கு விரத நாள், பல்லால் தொடமாட்டேன் என்கிறது நரி. சிறைப்பிடிப்பவன் எப்போதும் வேடனின் உருவில் வருவதில்லை. மானின் உண்மை நண்பனாகிய காகம் ஒரு யோசனை சொல்ல, மான் செத்ததுபோல் கிடக்கிறது. உழவன் தானே கட்டை அவிழ்க்கிறான். காகம் கரைந்ததும் மான் பாய்ந்தோடுகிறது. உழவன் எறிந்த தடி நரிமேல் விழுகிறது. புறாக்கள் தப்பியது திரண்ட பலத்தால். மான் தப்பியது சிறைப்பிடித்தவன் என்ன எதிர்பார்க்கிறான் என்பதை அறிந்ததால்.

5. மதிலில்லாச் சிறை

சிறை என்றால் சுவர் வேண்டும் என்று கதைநடத்துநர்கள் எண்ணுவதை மாற்ற, இத்தீவின் வரலாறு ஒன்றே போதும். 1660இல் பாய்மரம் பழுதான ஆங்கிலக் கப்பல் ஒன்று கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. கப்பல் தலைவரும், ரொபர்ட் நொக்ஸ் என்ற அவர் மகனும், வேறு சிலரும் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களிடம் பிடிபட்டார்கள். தந்தை அடுத்த ஆண்டே இறந்தார். மகன் பத்தொன்பது ஆண்டுகள் இருந்தார்.

அவருக்கு விலங்கு பூட்டவில்லை. கைதிகள் ஊர் ஊராகப் பிரித்து வைக்கப்பட்டார்கள். ஊரவர் சோறு கொடுத்தார்கள். நொக்ஸ் தொப்பி பின்னி விற்றார், வீடு கட்டினார், நெல் கடன் கொடுத்தார். பிறகு சில்லறை வியாபாரியாக வடக்கு நோக்கி நடந்தார். ஒவ்வொரு பயணமும் வழி பார்த்தலாகவும் இருந்தது. 1679இல் தோழர் ஸ்டீபன் ரட்லண்டுடன் அநுராதபுரம் கடந்து, மல்வத்து ஓயாக் கரையோடு இறங்கி, மன்னாருக்குத் தெற்கே ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்தார். 1681இல் இலண்டனில் வெளிவந்த அவர் நூல் இன்றும் அக்காலக் கண்டியை அறிய உதவும் மூலங்களில் ஒன்று.

காடும் மலையும் காவற்கடவைகளும் அந்நியன் என்று காட்டிக்கொடுக்கும் முகமும்தான் அவருடைய மதில். தப்பும் ஆயுதம் ஒரு வியாபாரப் பொட்டலம். இத்தகைய சிறையை ஒரே மாலையில் ஆடி முடிக்க முடியாது. பல வாரத் தொடராக ஆடுவோர் முயன்று பார்க்கத் தகும்.

6. சிறைப்பிடித்தோர்

சிறைப்பிடித்தவர் ஏன் இன்னும் கொல்லவில்லை? இதற்கு விடை இல்லாத கதை நிற்காது. மீட்புப் பணமோ, உழைப்போ, பலியோ, இராசசிங்கனைப்போல் வெளிநாட்டாரைத் தன் நாட்டில் வைத்திருக்கும் விருப்பமோ ஏதாவது இருந்தே ஆகவேண்டும். அந்தத் தேவைதான் சிறைப்பட்டவர் பற்றக்கூடிய முதற் பிடி.

2015இல் வந்த ‘அவுட் ஆஃப் த அபிஸ்’ என்ற சாகசம் நிலத்தடி எல்ஃப்களின் சிறையில் தொடங்குகிறது. உடன் பத்துக் கைதிகள். அவர்களில் ஒன்று காளான் இனத்துக் குழந்தை. சிறைத் தலைவி இல்வாரா கொடியவள்தான், ஆனால் சிறையைத் திறப்பது அவள் கைவிட்ட பழைய காதலன் யோர்லானின் பொறாமை. கைதிகள்மேல் அவனுக்கு இரக்கம் இல்லை. காவலர்கள் ஒரே உடம்பு இல்லை, அவர்களுக்குள் வெடிப்பு உண்டு என்று எழுதியவர் அறிந்திருக்கிறார். வேடனுக்குப் பெயர்கூட வைக்காத இதோபதேசம் இந்தப் பக்கத்தில் ஏழ்மையானது என்பதையும் சொல்ல வேண்டும்.

7. விறாந்தையில்

ஒரு டிசம்பர் விடுமுறையில், சுன்னாகத்து எங்கள் வீட்டு விறாந்தையில், மருமகனுக்கும் அவன் கூட்டாளிகள் மூவருக்கும் இந்த விளையாட்டை நடத்தினேன். முதல்நாள் அவர்களைப் பூதங்களிடம் பிடிபட வைத்துச் சிறையை முழுமையாகக் கட்டினேன்: கதவு இரும்பு, காவலன் உறங்கான், கயிறு அறாது. நான் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் தூணில் சாய்ந்துவிட்டார்கள்.

மறுநாள், “கண் விழிக்கிறியள். கை கட்டியிருக்கு” என்று மட்டும் சொல்லி நிறுத்தினேன்.

“முன்னாலயோ, பின்னாலயோ மாமா?”

“என்ன கயிறு? தும்புக் கயிறெண்டா கல்லில தேய்க்கலாம்.”

“நாங்கள் மட்டுமோ? வேற ஆரும் இருக்கினமோ?”

உடல், பொருள், துணை என்று நான் தாளில் வகுத்து வைத்திருந்த மூன்றையும் அவர்கள் ஒரு நிமிடத்தில் கேட்டுவிட்டார்கள்.

மூன்றாம் நாள் நான் ஒரு பிழை செய்தேன். இன்னொருவர் பிடிபட்ட கதையைச் சொல்லும்போது, இரவில் கதவைத் தட்டிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதாக விவரித்தேன். ஒரு பிள்ளை பகடையை உருட்டாமல் உள்ளங்கையிலேயே வைத்திருந்தாள். அவள் வீட்டுச் சுவரில் அவள் ஒருபோதும் காணாத ஒரு மாமாவின் படம் இருப்பது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமலாக்கப்பட்டோரின் படங்களோடு தெருவோரம் அமர்ந்த தாய்மாரின் போராட்டத்தை அறிந்தவன் நான். எந்த மேசையிலும் இது இருக்கலாம் என்று முன்பே எண்ணியிருக்க வேண்டும். மேலைநாடுகளில் 2013 முதல் ‘எக்ஸ் அட்டை’ என்றொரு வழக்கம் உண்டு. மேசை நடுவே கிடக்கும் அட்டையை யாரும் தொடலாம். தொட்டால் காரணம் கேளாமல் அந்தக் காட்சியை விட்டுவிட வேண்டும். எங்கள் மேசையில் அட்டை இல்லை. அவளே சொன்னாள்: “விளையாடுவம் மாமா. ஆனா இப்பிடிப் பிடிக்க வேண்டாம். சண்டையில பிடிபடட்டும்.” மாற்றினேன்.

அன்றிரவு நால்வரும் காவலனை ஏமாற்றி, ஆற்றைக் கடந்து தப்பினார்கள். ஆட்டம் முடிந்தது என்று மருமகன் எழும்பினான். அவள் எழும்பவில்லை.

“அந்த நடக்கேலாத ஆச்சி?”

உடன் சிறையிருந்தவர் என்று நான் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவைத்த பாத்திரம் அது. பெயர்கூட வைக்கவில்லை. எனக்கே மறந்துவிட்டது. திரும்பிப் போனால் எல்லாரும் பிடிபடக்கூடும் என்று பையன்கள் வாதிட்டார்கள். அவள் எதுவும் சொல்லாமல் பகடையை நடுவில் வைத்தாள். ஒன்பது மணிக்கு வேலிக்கு அப்பாலிருந்து ஒரு தாய் கூப்பிட்டார். “இன்னும் பத்து நிமிசம்” என்று நால்வரும் ஒன்றாகக் கத்தினார்கள். நான் தாளைத் திருப்பி, அதே சிறையை இம்முறை வெளியிலிருந்து வரையத் தொடங்கினேன்.