கேஜே முறை

கேஜே முறை என்பது, பலர் கூடித் தெரிவிக்கும் கருத்துக்களைச் சீட்டுக்களில் எழுதி, அவற்றுக்கு இடையேயான உறவைக் கொண்டு தொகுத்து, அத்தொகுப்பிலிருந்து புதிய எண்ணங்களைப் பெறும் வழிமுறை ஆகும். இதனை உருவாக்கியவர் ஜப்பானிய மானிடவியலாளரான ஜிரோ கவாகிதா (1920-2009). ஜப்பானிய வழக்கப்படி குடும்பப் பெயரை முன்னால் வைத்து எழுதும்போது வரும் கே, ஜே என்னும் முதலெழுத்துக்களே இம்முறைக்குப் பெயராயின. தொண்டு நிறுவனங்கள், தொழிலகங்கள், ஆய்வுக் குழுக்கள் முதலியன நடத்தும் பட்டறைகளில் இது பயன்படுகிறது.

வரலாறு

கவாகிதா 1953 ஆம் ஆண்டில் மனாசுலு மலைக்குச் சென்ற ஜப்பானியக் குழுவில் ஆய்வாளராக நேபாளம் சென்றார். 1958 இல் வடமேற்கு நேபாள ஆய்வுப் பயணத்துக்குத் தலைமை தாங்கினார். களப்பணியில் சேரும் ஏராளமான குறிப்புக்களை, முன்னரே வகுத்த தலைப்புக்களுக்குள் அடக்காமல் ஒழுங்குபடுத்த வேண்டிய தேவையிலிருந்து இம்முறை வளர்ந்தது. 1967 இல் வெளிவந்த "ஹஸ்ஸோஹோ" என்னும் அவரது நூல் இதனைப் பரவலாக அறியச் செய்தது.

செயன்முறை

1. எழுதுதல்: ஒரு சீட்டில் ஒரு கருத்து மட்டுமே எழுதப்படும். எழுத இயலாதவர் கூறுவதை மற்றொருவர் அவரது சொற்களிலேயே எழுதுவார்.
2. சேர்த்தல்: சீட்டுக்களைப் பரப்பி, ஒன்றோடொன்று நெருங்கியவை சிறு குழுக்களாகச் சேர்க்கப்படும். எதனுடனும் சேராத சீட்டு தனியாகவே விடப்படும்.
3. தலைப்பிடுதல்: ஒவ்வொரு குழுவின் சாரமும் ஒரு தொடராக எழுதப்படும். பின்னர் சிறு குழுக்கள் பெருங்குழுக்களாகச் சேர்க்கப்படும்.
4. படமாக்கல்: குழுக்கள் பெரிய தாளில் அமைக்கப்பட்டு, காரணம், விளைவு, முரண் போன்ற உறவுகள் கோடுகளால் காட்டப்படும்.
5. விளக்கல்: படம் உணர்த்துவது எழுத்திலோ பேச்சிலோ விளக்கப்படும். புதிய எண்ணங்கள் பெரும்பாலும் இந்நிலையிலேயே தோன்றுகின்றன.

இரண்டாம் படிநிலையே இம்முறையின் உயிர்நாடி. எடுத்துக்காட்டாக, ஓர் ஊரில் "குழாயடியில் காலை முழுதும் நிற்கிறோம்", "பெண்பிள்ளைகள் பள்ளிக்குப் பிந்திப் போகின்றனர்" என இரு சீட்டுக்கள் எழுதப்பட்டதாகக் கொள்ளலாம். நீர், கல்வி என்னும் தலைப்புக்கள் முன்னரே இருந்தால் இவை பிரிந்துவிடும். தலைப்பின்றித் தொகுக்கும்போது, நீர் எடுக்கச் செல்வதால்தான் பிள்ளைகள் பிந்துகின்றனர் என்னும் தொடர்பு வெளிப்படும்.

தொண்டுப் பணியில்

நேபாளத்தின் தொலைதூர மலைக் கிராமங்களில், மக்களே தம் சிக்கல்களை ஆராய்வதில் பங்கேற்குமாறு கவாகிதா செய்தார். அதன் பயனாகக் குடிநீர் வசதியும், மலை இடுக்குகளைக் கடந்து பொருட்களை விரைவாகக் கொண்டு செல்லும் கம்பிவடப் பாதையும் கிடைத்தன. இப்பணிக்காக அவருக்கு 1984 ஆம் ஆண்டு மக்சேசே விருது வழங்கப்பட்டது.

வாய்மொழிக் கூட்டங்களில் ஒரு நேரத்தில் ஒருவரே பேச முடியும். இவ்வாறு காத்திருப்பதே, கூடிப் பேசுவோர் தனித்தனியே சிந்திப்போரைவிடக் குறைவான கருத்துக்களைத் தருவதற்கு முதன்மைக் காரணம் என டீல், ஸ்ட்ரோபே ஆகியோர் 1987 இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. சீட்டு எழுதும்போது அனைவரும் ஒரே நேரத்தில் கருத்துக் கூற இயலும். பெயர் எழுதப்படாவிட்டால், நிர்வாகியின் கருத்தும் புதிய தொண்டரின் கருத்தும் ஒரே மதிப்பைப் பெறும்.

குறைபாடுகள்

இம்முறைக்கு மிகுந்த நேரம் தேவை. தரக்கட்டுப்பாட்டுத் துறையில் "உறவு வரைபடம்" என்னும் பெயரில் வழங்கும் இதன் எளிய வடிவம் பெரும்பாலும் தொகுத்தல், தலைப்பிடுதல் ஆகியவற்றுடன் நின்றுவிடுகிறது. மேலும், சீட்டுக்களின் எண்ணிக்கை ஒரு சிக்கலின் முதன்மையைக் காட்டாது. ஒருவர் மட்டும் எழுதிய தனிச் சீட்டு, பிறர் கூறத் தயங்கிய உண்மையாகவும் இருக்கலாம்.