காவிரிப் படுகை நீரளவீடு

குடகு மலையில் தலைக்காவிரியில் பிறந்து பூம்புகாரில் கடலைச் சேரும் காவிரியின் ஓட்டத்தையும், அதன் படுகையில் உள்ள நிலத்தடி நீரையும் தொடர்ந்து அளந்து பதிவுசெய்யும் பணி. ஏறத்தாழ 800 கி.மீ. நீளமுள்ள இந்த ஆற்றின் படுகை 81,155 சதுர கி.மீ. பரப்புடையது, கர்நாடகம், தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி ஆகியவை அதைப் பகிர்ந்துகொள்கின்றன. ஆற்றோட்டத்தை மத்திய நீர் ஆணையமும், நிலத்தடி நீரை மத்திய நிலத்தடி நீர் வாரியமும் அளக்கின்றன. மாநிலத் துறைகள் இரண்டுக்கும் தனிப் பதிவேடுகள் வைத்துள்ளன.

வரலாறு: சோழ மன்னன் கரிகாலன் பெயரோடு இணைத்துப் பேசப்படும் கல்லணை, வெள்ள மிகுதியைக் காவிரியின் கிளையான கொள்ளிடத்தில் தள்ளிப் பாசன நீரைக் காவிரியில் காத்துவந்தது. கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது, வாட்டமும் அதிகம். ஆகவே பிரியும் இடத்திலேயே நீர் அந்தப் பக்கம் சாய்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரி மணல் மேடிட்டுத் தஞ்சை வயல்கள் காய்ந்தன. பொறியாளர் ஆர்தர் காட்டன் 1836இல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை கட்டினார். நிலைமை தலைகீழாயிற்று. காவிரி தாங்காத அளவு நீர் வாங்கத் தொடங்கவே, அதன் தலைப்பிலும் தடுப்பு எழுப்ப நேர்ந்தது. அங்கே நட்ட அளவுகோல் பின்னாளில் அரசியல் ஆவணமாயிற்று: சென்னை, மைசூர் அரசுகளின் 1924 ஒப்பந்தம், மைசூரின் கிருஷ்ணராஜசாகரம் அணைக்கு மேலிருந்து வரும் நீரில் எவ்வளவு கீழே விட வேண்டும் என்பதை, மேலணை அளவுகோல் மாதவாரியாகக் காட்ட வேண்டிய அடிக்கணக்கில் வகுத்தது.

அதே ஆண்டு ஜூலையில் மேட்டூர்ப் பகுதியில் வினாடிக்கு 4.5 லட்சம் கனஅடிக்கு மேல் வெள்ளம் புரண்டது. 1925இல் தொடங்கி 1934இல் முடிந்த மேட்டூர் அணையில், அத்தகைய வெள்ளத்தின் உபரிநீர் வெளியேறப் பொறியாளர் எல்லிஸ் பெயரில் 16 கண் மதகு அமைந்தது. அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கனஅடி). அணையின் நீர்மட்டம், வரத்து, திறப்பு மூன்றும் இன்றும் நாளிதழ்களில் அன்றாடச் செய்தி.

அளக்கும் முறை: ஆற்றின் குறுக்கே சிறு சிறு பகுதிகளாக ஆழம் பார்த்து, சுழல்மானியால் வேகம் கண்டு, பரப்பை வேகத்தால் பெருக்கினால் வினாடிக்கு இத்தனை கனஅடி என்று கிடைக்கும். பலமுறை அளந்தபின் நீர்மட்டத்துக்கும் ஓட்டத்துக்கும் உள்ள உறவு வரைபடமாகத் தேறும். பிறகு மட்டம் ஒன்றே போதும். வினாடிக்கு 11,574 கனஅடி வீதம் ஒரு நாள் ஓடும் நீர் ஒரு டி.எம்.சி. முசிறி, கொடுமுடி உள்ளிட்ட பல நிலையங்களில் மிக முக்கியமானது கிருஷ்ணகிரி மாவட்ட எல்லையில் உள்ள பிலிகுண்டுலு. கர்நாடகம் தமிழகத்துக்கு விட வேண்டும் என்று காவிரி நடுவர் மன்றம் 2007இல் வகுத்த 192 டி.எம்.சி. அங்கேதான் கணக்கிடப்பட வேண்டியிருந்தது.

நிலத்தடி நீர்: நோக்குக் கிணறுகளில் ஆண்டுக்கு 4 முறை மட்டம் பார்க்கப்படுகிறது. தமிழ்நாட்டில் மதிப்பீட்டின் அலகு குறுவட்டம். ஆண்டு ஊறலில் எடுக்கத்தக்க அளவில் 70 விழுக்காடு வரை எடுத்தால் ‘பாதுகாப்பானது’, 90 வரை ‘மித அபாயம்’, 100 வரை ‘அபாயம்’, அதற்கு மேல் ‘அதிநுகர்வு’. உவர்நீர்ப் பகுதிகள் தனி வகை.

2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம், காவிரி டெல்டாவில் 20 டி.எம்.சி. நிலத்தடி நீர் இருப்பதாகக் கொண்டு அதில் 10 டி.எம்.சி.யைத் தமிழகத்தின் பங்கிலிருந்து கழித்தது. பெங்களூரின் தேவைக்கு மேலும் 4.75 டி.எம்.சி. போக, 177.25 டி.எம்.சி. எஞ்சியது. டெல்டாக் கிணறுகளில் ஊறுவதில் பெரும்பகுதி ஆறும் வாய்க்காலும் வயலும் இறக்கிய காவிரி நீரே. ஆகவே பிலிகுண்டுலுவில் ஏற்கெனவே எண்ணிய நீர் மறுமுறை எண்ணப்பட்டதாகக் கொள்ள இடமுண்டு.

தற்போதைய நிலை: 2018 ஜூன் முதல் காவிரி நீர் மேலாண்மை ஆணையம் செயல்படுகிறது. தேசிய நீரியல் திட்டத்தின்கீழ் தானியங்கி மட்டமானிகள் பொருத்தப்பட்டுள்ளன.