தொட்டுச் சுகமாக்கிய கரம்



இயேசு குஷ்டரோகியைத் தொட்டுச் சுகமாக்கினார் (மாற்கு 1:41). 1914இல் கொல்லிமலையில் மிஷனெரிப் பெற்றோருக்குப் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோய் விரல்களைத் தின்பதில்லை. வலி தெரியாததால் சூடும் காயமுமே அவற்றைக் கெடுக்கின்றன என்று கண்டறிந்தார். மடங்கிப்போன கைகளை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தினார்.

ஒருநாள் ஒரு நோயாளியின் தோளில் கைவைத்துப் பேசினார். அவர் விம்மி அழுதார். பல வருடங்களாக அவரை யாரும் தொட்டதில்லை என்று உடனிருந்தவர் விளக்கினார்.

நான் ஒரு நர்ஸ். டியூட்டி அவசரத்தில், கையைப் பிடிக்கச் சொன்ன ஒரு பாட்டியிடம், "பிறகு வருகிறேன்" என்றேன். அன்றிரவே அவர் காலமானார்.

இன்று ஆராதனை முடிந்ததும், தனியாக உட்கார்ந்திருப்பவரின் கையைப் பிடித்து நலம் விசாரியுங்கள்.