மந்தண முத்திரையும் வாச்சாத்தியும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை என் பேத்தி வங்கித் தேர்வுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "தாத்தா, சீக்ரெட், கான்ஃபிடென்ஷியல், கன்சீல், க்ளாண்டெஸ்டைன்... எல்லாத்துக்கும் ரகசியம், மறைப்புன்னே அர்த்தம் போட்டிருக்கு. அப்புறம் எதுக்கு இத்தனை வார்த்தை?" என்றாள்.

முப்பது வருடத்துக்கு மேல் அரசு அலுவலகத்தில் கோப்பு கட்டியவனிடம் ரகசியத்தைப் பற்றிக் கேட்டால் சும்மா விடுவானா? அவளுக்குச் சொன்னதையும், அன்று சொல்லாமல் விட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். ஆங்கிலம் எனக்குப் பின்னால் வந்த மொழி. ஓர் ஆங்கிலச் சொல் பிடிபடாவிட்டால், அதன் பிரெஞ்சு உறவுக்காரனைத் தேடிப் பார்ப்பது அன்றைய பழக்கம். இன்றும் விடவில்லை. இரண்டுக்கும் பாட்டி லத்தீன் என்பதால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

'சீக்ரெட்' என்பதன் வேர் லத்தீனில் 'தனியே பிரித்து வைத்தது' என்று பொருள்படும். நல்லது கெட்டது என்ற பேச்சே அதில் இல்லை. பாட்டியின் சுருக்குப்பையும் சீக்ரெட்தான், படைத்தளத்தின் வரைபடமும் சீக்ரெட்தான். 'கான்ஃபிடென்ஷியல்' அப்படியல்ல. பிரெஞ்சில் 'கோன்ஃபியான்ஸ்' என்றால் நம்பிக்கை. ஒருவர் நம்மை நம்பி ஒப்படைத்ததைக் காப்பதுதான் இந்தச் சொல். 'கன்சீல்' என்பதற்குப் பிரெஞ்சில் 'ரெசெலேர்' என்றொரு உறவுக்காரன் இருக்கிறான். திருட்டு நகையை வாங்கிப் பதுக்கி வைப்பவனுக்கு அந்தப் பெயர். 'க்ளாண்டெஸ்டைன்' என்பதைப் பிரெஞ்சுக்காரர்கள், சீட்டு வாங்காமல் கப்பலில் ஒளிந்து வருபவனுக்கும் சொல்வார்கள். கடற்கரைக்காரனான எனக்கு உடனே கள்ளத்தோணி நினைவுக்கு வரும்.

நம் தமிழ் மட்டும் குறைந்ததா? ஒளித்தல், மறைத்தல், பதுக்கல், கமுக்கம், மந்தணம், தலைமறைவு என்று எத்தனை! திருக்குறளில் வரும் 'கரவு', கையில் இருப்பதை இரப்பவனிடம் இல்லையென்று ஒளிப்பதையும் குறிக்கும்.

தமிழில் கோப்பு எழுதத் தொடங்கியபோது 'கான்ஃபிடென்ஷியல்' எங்களுக்கு 'மந்தணம்' ஆயிற்று. மந்தணக் கடிதத்துக்கு இரண்டு உறை. உள் உறையில் மந்தணம் என்று எழுதி அரக்கு முத்திரை வைப்போம். வெளி உறையில் முகவரி மட்டும்தான். அரக்கை உருக்கும் மெழுகுவர்த்தி வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. அந்த உறையைக் கையில் வாங்கும்போது ஒரு பெருமிதம் வரும். நம்மை நம்பித்தானே கொடுத்திருக்கிறார்கள் என்று. ஊழியர்களின் மந்தண அறிக்கை, விசாரணைக் கடிதம், எதையும் நான் வெளியே சொன்னதில்லை. வாயை மூடிக்கொண்டிருப்பதே நல்ல குமாஸ்தாவுக்கு அழகு என்று நம்பினேன். 1992 வரை அதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.

அரூர் வட்டத்தில், சித்தேரி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது வாச்சாத்தி. மலையாளி என்ற பழங்குடி மக்கள் வாழும் சின்ன ஊர். நம் மாவட்டம் முழுக்கச் சந்தனக் கடத்தல் பேச்சாக இருந்த காலம் அது. 1992 ஜூன் 20 அன்று, வெட்டிய சந்தனக் கட்டையை ஊரார் ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்தார்கள். பின்னாளில் குற்றப்பத்திரிகையில் ஏறிய கணக்குப்படி வனத்துறையினர் 155, காவல்துறையினர் 108, வருவாய்த்துறையினர் 6, ஆக 269 பேர். ஆண்களில் பலர் பயந்து மலைக்குள் ஓடி ஒளிந்தார்கள். மற்றவர்களை ஆலமரத்தடியில் கூட்டி வைத்து அடித்தார்கள். சந்தனக் கட்டை இருக்கும் இடத்தைக் காட்டச் சொல்லி 18 பெண்களை ஏரிப் பக்கம் கொண்டுபோய்ப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். வீடுகளை உடைத்தார்கள். கிணற்றுத் தண்ணீரைக்கூடக் குடிக்க முடியாமல் பாழாக்கினார்கள். பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கு மேற்பட்டவர்களைச் சிறைக்கு அனுப்பினார்கள்.

அப்போது நான் தருமபுரியில், இதற்குச் சம்பந்தமே இல்லாத ஓர் அலுவலகத்தில் இருந்தேன். அங்கே தண்ணீர் எடுத்து வைக்கும் அம்மா அரூர்ப் பக்கத்துக்காரர். ஜூலை மாதம் ஒரு மதியம் என் மேசை அருகே வந்து, குரலைத் தாழ்த்தி, "ஐயா, எங்க பக்கத்துல ஒரு ஊரையே அடிச்சு நொறுக்கிட்டாங்களாம். பொம்பளைங்களை என்னென்னவோ பண்ணிட்டாங்களாம். நீங்க படிச்சவங்க. இதை யாருகிட்டங்கய்யா சொல்லணும்?" என்று கேட்டார்.

நான் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "அது போலீஸ் விஷயம்மா. நீங்க இதையெல்லாம் வெளியில பேசிட்டிருக்காதீங்க" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு அதைப் பற்றி என்னிடம் பேசவே இல்லை.

அந்த அம்மாவுக்கு நல்லது செய்ததாகவே அன்று நினைத்தேன்.

நான் கேட்காவிட்டாலும் கேட்டவர்கள் இருந்தார்கள். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தினர் ஊருக்குப் போய் விவரம் சேகரித்தார்கள். மார்க்சிஸ்ட் தலைவர் ஏ. நல்லசிவன் உச்ச நீதிமன்றம் வரை போனார். அரசுத் தரப்பு மறுத்துக்கொண்டிருந்தபோது, தாழ்த்தப்பட்டோர் பழங்குடியினர் ஆணையத்தின் அதிகாரி பாமதி நேரில் வந்து விசாரித்து, மக்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது என்று அறிக்கை கொடுத்தார். 1995-ல் சென்னை உயர் நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. வழக்கு பல வருடம் இழுத்து, 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்தது. அதற்குள் 269 பேரில் 54 பேர் இறந்திருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள். அவர்களில் 17 பேர் மீது வன்புணர்ச்சிக் குற்றம் உறுதியாயிற்று.

சரியாகப் பன்னிரண்டு வருடம் கழித்து, 2023 செப்டம்பர் 29 அன்று, உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் அவர்களின் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தார். தீர்ப்புக்கு முன் அவரே வாச்சாத்திக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும், அப்போதிருந்த ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் மீது நடவடிக்கை எடுக்கவும் உத்தரவிட்டார்.

இப்போது பேத்தியின் பட்டியலை இந்த வழக்கின் மேல் வைத்துப் பார்க்கிறேன். சந்தனக் கட்டையை ஊரார் ஒளித்தார்கள் என்று சொன்னது 'ஹைடிங்'. மலைக்குள் ஓடியவர்களைக் காவல்துறை மொழியில் 'அப்ஸ்காண்டிங்' என்பார்கள். அந்தச் சொல்லுக்குள்ளும் ஒளிதல் இருக்கிறது, ஆனால் உயிருக்குப் பயந்து ஒளிந்தவனையும் குற்றவாளி போலக் காட்டிவிடும். செய்ததை இல்லையென்று சாதித்தது 'கவர்-அப்'. பிரெஞ்சில் இதை 'எத்தூஃபே' என்பார்கள், மூச்சை அடைத்துக் கொல்வதற்கும் அதே சொல்தான். நம் ஊரில் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்போம். 1860-ஆம் வருட இந்திய தண்டனைச் சட்டம், 201-ஆம் பிரிவில், சாட்சியத்தை அழித்துக் குற்றவாளியைக் காப்பதற்கு 'ஸ்க்ரீன்' என்ற சொல்லைப் போட்டது. குற்றவாளிக்கு முன்னால் திரை போடுவது.

அந்தப் 18 பெண்களின் பெயர்களை வெளியிடக் கூடாது என்பதும் சட்டம்தான். 1983-ல் 228-ஏ பிரிவாக வந்தது அது. அவர்கள் நம்பிச் சொன்னதை, அவர்களுக்காகக் காப்பது. வேர்ப்பொருளின்படி பார்த்தால் அசல் 'கான்ஃபிடென்ஷியல்' அதுதான்.

1923-ஆம் வருட அலுவல் ரகசியச் சட்டத்தில் எது ரகசியம் என்பதற்கு விளக்கமே கிடையாது. எண்பத்திரண்டு வருடம் கழித்து, 2005-ல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டம் இன்னொரு பக்கத்திலிருந்து கோடு போட்டது. உளவு அமைப்புகளுக்குக்கூட அதில் விலக்கு உண்டு, ஆனால் ஊழல், மனித உரிமை மீறல் பற்றிய தகவலுக்கு அந்த விலக்கு பொருந்தாது. அதைப் படித்தபோது நான் ஓய்வு பெறும் வயதை நெருங்கியிருந்தேன்.

நான் 1992-ல் செய்ததற்கு என்ன சொல்? எந்தக் காகிதத்தையும் நான் ஒளிக்கவில்லை. எந்தப் பொய்யும் சொல்லவில்லை. என்னிடம் யாரும் முத்திரையிட்ட உறை கொடுத்து நம்பிக்கை வைக்கவும் இல்லை. நம்பிக்கை வைத்து வந்தவர் அந்தத் தண்ணீர் அம்மா ஒருவர்தான். அவர் ரகசியம் காக்கச் சொல்லி வரவில்லை, யாரிடம் சொல்வது என்று கேட்க வந்தார். அவர் வாயையும் சேர்த்து மூடி அனுப்பினேன்.

பேத்தியிடம் சுருக்கமாக இப்படிச் சொன்னேன். "அர்த்தம் ஒண்ணா இருந்தாலும், யாரைக் காப்பாத்துறதுக்காக மறைக்கிறாங்கன்னு பாரும்மா. நம்பினவங்களைக் காப்பாத்தினா கான்ஃபிடென்ஷியல். தப்பு செஞ்சவனைக் காப்பாத்தினா கன்சீல்."

புத்தகத்தின் ஓரத்தில் அதை எழுதிக்கொண்டாள். "தன்னைக் காப்பாத்திக்கிறதுக்காகப் பேசாம இருந்தா அது என்ன தாத்தா?" என்று நிமிர்ந்து பார்த்தாள்.

அது அந்தப் பட்டியலில் இல்லை என்றேன்.