ஒரு பம்ளிமாஸ் முள் போகிற தூரம்

பம்ளிமாஸ் மரத்தில் நம் கண் பழத்தைத்தான் தேடும். பிலிப்பைன்ஸின் வடக்கே, கலிங்கா மாகாணத்து மலையூரான பூஸ்கலானில் அதன் முள்ளுக்குத்தான் மதிப்பு. ஒடித்த முள்ளை ஒரு மூங்கில் குச்சியின் நுனியில் குறுக்காகச் செருகுகிறார்கள். பார்த்தால் குட்டிச் சுத்தியல் மாதிரி இருக்கும். பச்சை குத்த இதுதான் ஊசி.

மைக்கும் கடைக்குப் போக வேண்டியதில்லை. கரியைத் தண்ணீரில் குழைத்தால் போதும். முதலில் ஒரு புல் தண்டை மையில் தோய்த்து, தோலின்மேல் கோலத்துக்கான கோடுகளை ஒற்றி எடுக்கிறார்கள். பிறகு முள்ளை அந்தக் கோட்டின்மேல் வைத்து, அது கோத்திருக்கும் குச்சியை இன்னொரு குச்சியால் தட்டுகிறார்கள். டக், டக், டக் என்று சீராக, வேகமாக. கசிகிற ரத்தத்தைத் துடைத்துவிட்டு மறுபடியும் தட்டல். ஒரே இடத்தில் பலமுறை முள் இறங்கினால்தான் கறுப்பு நிற்கும். இயந்திர ஊசியைவிட வலி கூடுதல் என்றே குத்திக்கொண்டவர்கள் பலரும் சொல்கிறார்கள்.

இந்த முள்ளை உலகறியச் செய்தவர் வாங்-ஓத். 1917-இல் பிறந்தவர் என்கிறார்கள். பதின்ம வயதில் தந்தையிடம் தொழில் கற்றார். அப்போது முள் எல்லோர் தோலிலும் இறங்கிவிடாது. பகைவனை வீழ்த்திய வீரனின் மார்புக்கு அது விருது, பெண்ணின் கைகளுக்கு அழகு. வாங்-ஓத்தின் சொந்தக் கைகளே தோள்வரை கறுத்தவை. பூரான், பாம்புச் செதில், பெரணி இலை, மலை என்று கோலங்கள் எல்லாமே அந்த மண்ணில் இருப்பவை. தலைவேட்டைச் சண்டைகள் ஒழிந்தன, வீரர்களும் போனார்கள். பள்ளிக்கூடமும் புது மதமும் வந்தபின் இளம்பெண்கள் வெறுங்கையோடு வளர்ந்தார்கள். முள் மரத்திலேயே இருந்துவிட்டிருக்கும்.

வெளியூர்க்காரர்கள்தான் அதை மறுபடி இறக்கினார்கள். 2009-இல் மானுடவியலாளர் லார்ஸ் குருட்டாக் டிஸ்கவரி சேனலில் வாங்-ஓத்தைக் காட்டியபின் வழி திறந்தது. மணிலாவிலிருந்து இரவெல்லாம் பேருந்து, சீக்கோ ஆற்றை ஒட்டிய மலைச்சாலையில் ஜீப்னி என்ற வண்டி, கடைசியில் மூச்சு வாங்க ஏற்றம். இத்தனைக்கும் பிறகு அந்தப் பாட்டியின் முன்னால் உட்கார்வதுதான் வந்தவர்களின் ஆசை. கண்காட்சிச் சுவரில் மாட்டிய ஓவியத்தைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். இந்தக் கலைஞரிடமோ நம் தோலையே கொடுக்க வேண்டும், அவர் தட்டி முடிக்கும்வரை அசையாமல் இருக்க வேண்டும். ஒரு கலைஞர்மேல் வைத்த மதிப்பை இதைவிட நேர்மையாகக் காட்ட வழியிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

2017 அக்டோபரில் முள்ளே மலையிறங்கியது. மணிலாவில் நடந்த ஒரு வணிகக் கண்காட்சிக்கு வாங்-ஓத்தை அழைத்துப்போய், நூற்றுக்கணக்கானவர்களுக்குக் குத்த வைத்தார்கள். மேடையில் அவர் கண்ணயர்ந்திருந்த படம் பரவியதும் நாடே கொதித்தது. கொதித்ததில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். நூறு வயதை எட்டியவரைப் பார்க்க நாம்தான் மலையேற வேண்டும். அங்கே எத்தனை பேருக்குக் குத்துவது, எப்போது எழுந்து போவது என்பதெல்லாம் அவர் முடிவு.

இவருக்குப் பிள்ளைகள் இல்லை. முள் ரத்த உறவுக்குள்தான் கை மாற வேண்டும், வேற்றாள் தொட்டால் குத்திய இடம் புண்ணாகிவிடும் என்பது ஊர் நம்பிக்கை. அதனால் தம் உடன்பிறந்தார் வழிப் பேத்திகளான கிரேஸ், எல்யாங் இருவரையும் பழக்கினார். இப்போது பெரிய கோலங்களை இளையவர்கள் குத்த, பாட்டி தம் கையெழுத்தாக மூன்று புள்ளிகள் மட்டும் வைக்கிறார். 2023 ஏப்ரலில் வோக் பிலிப்பைன்ஸ் இதழின் அட்டையில் 106 வயதில் வந்ததும் அந்தப் புள்ளிகளுக்காக வருகிற கூட்டம் இன்னும் பெருகியது.

ஒருவருக்குக் குத்திய முள்ளை அடுத்தவருக்குத் தொடுவதில்லை. அடுத்த ஆள் உட்கார்ந்ததும் புது முள் செருகுகிறார்கள். குத்திய முள்ளைச் சிலர் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். அது வளர்ந்தது பூஸ்கலானில் ஏதோ ஒரு வீட்டோரத்து மரத்தில். அது பதித்த கறுப்போ விமானமேறி, பூஸ்கலானை வரைபடத்தில்கூடப் பார்த்திராத ஊர்களில் இறங்குகிறது.