பழைய பேப்பரோடு போன பாரதம்



போன வாரம் என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். அவருடைய தாத்தா எங்கள் பக்கத்தில் பேர் வாங்கிய கூத்து வாத்தியார். "தாத்தாவோட நோட்டெல்லாம் இருக்காப்பா?" என்று கேட்டேன். "வீடு மாத்தறப்போ பழைய பேப்பரோட போட்டுட்டாங்க சார்" என்றார். அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

காஞ்சிபுரத்துப் பெரிய கோயில்களின் வரலாறு கல்லில் இருக்கிறது. பக்கத்தில் உத்திரமேரூரில், குடவோலை முறையை முதலாம் பராந்தகன் காலத்திலேயே சுவரில் வெட்டி வைத்தார்கள். 1,100 ஆண்டுகள் ஆகியும் படிக்க முடிகிறது.

நம் கிராமங்களின் திரௌபதி அம்மனுக்கு அப்படிக் கல் இல்லை. அந்த வழிபாட்டுக்குத் தலைமை மடமும் இல்லை. கோடையில் ஊர் கூடிப் பாரதம் வைப்பார்கள். பகலில் வில்லிபாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசி நாள் மண்ணால் செய்த துரியோதனன் படுகளம், மாலையில் தீமிதி. இதன் ஆவணம் வாத்தியாரின் நோட்டிலும், பூசாரியின் பெட்டியிலும், ஊர்ப் பெரியவரின் வரவுசெலவுக் கணக்கிலும், விழா நோட்டீஸிலும் சிதறிக் கிடக்கிறது.

சிதறிக் கிடந்ததால்தான் இத்தனை காலம் பிழைத்தது. ஓர் ஊரில் மறந்தாலும் அடுத்த ஊர் வாத்தியாருக்குப் பாட்டு மனப்பாடம். இன்று பாடம் கேட்கப் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். அதனால் ஒரு நோட்டு போனால் அந்த ஊர்ப் பாடமே போய்விடுகிறது.

முயற்சி எடுத்தவர்கள் உண்டு. அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் செஞ்சி வட்டாரத்தில் அலைந்து, திரௌபதி வழிபாடு பற்றி 1988-லும் 1991-லும் இரண்டு பெரிய நூல்கள் எழுதினார். 1990-ல் காஞ்சிபுரம் பகுதிக் கலைஞர்கள் கட்டைக்கூத்துச் சங்கம் அமைத்தார்கள். ஆனால் ஒவ்வோர் ஊர்ப் பெட்டியையும் வேறு யாரோ வந்து திறக்க முடியாது.

எல்லாவற்றையும் ஓரிடத்தில் கொண்டு குவிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நோட்டு அந்த வீட்டிலேயே இருக்கட்டும். அது அவர்கள் சொத்து. பிரிட்டிஷ் நூலகம் 2004 முதல் நடத்தும் அருகிவரும் ஆவணங்கள் திட்டமும் மூலத்தை நாட்டைவிட்டு எடுத்துப் போவதில்லை, படி மட்டுமே எடுக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது சின்ன வேலை. ஊருக்குப் போகும்போது அனுமதி கேட்டு, பகல் வெளிச்சத்தில் பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள். யாருடையது, எந்த ஊர், எந்த ஆண்டு என்று எழுதி வையுங்கள். வெளியே காட்டக் கூடாது என்று பூசாரி சொல்லும் பக்கத்தை விட்டுவிடுங்கள். ஒரு படியை அந்த வீட்டாரிடமே கொடுங்கள். இன்னும் இரண்டு படி வெவ்வேறு இடங்களில் இருக்கட்டும்.

இந்தப் பொங்கலுக்குப் பரண் சுத்தம் செய்யும்போது, போகியில் போடுவதற்கு முன் ஒரு தடவை பிரித்துப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்